மேற்படி வண்டின் வயது

மனித குலத்தின் முன்னேற்றத்தை எழுதப் புகுந்தவர்கள், நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, அதற்கு அடுத்தபடியாக மாவுவண்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்லாமல் விட்டால் அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். மாவுவண்டு, மாவில் பிறந்து மாவைத் தின்று மாவிலேயே சாகும் ஒரு பழுப்புப் பூச்சி. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. உலகத்தார் அதைச் சலித்து எறிகிறார்கள். நிலையத்தாரோ அதன் வயதைக் குறித்து, சூடு வைத்து, குளிர வைத்து, அது எத்தனையாவது நிமிடத்தில் மல்லாக்க விழுகிறது என்று பார்த்து, அந்த நிமிடத்தை ஏழாம் எண் படிவத்தில் மூன்று பிரதிகள் எழுதி வைக்கிறார்கள். மூன்றாவது பிரதி எதற்கு என்பது பற்றியும் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அது இன்னும் முடியவில்லை.

இந்தப் பணியில் எல்லாருக்கும் பங்கு உண்டு. இயக்குநர் கையெழுத்துப் போடுவார். எங்கே போட வேண்டும் என்று துணை இயக்குநர் பென்சிலால் புள்ளி வைப்பார். புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று கண்காணிப்பாளர் பார்ப்பார். வண்டுகளைப் பார்ப்பது மட்டும் ஒரே ஓர் அம்மாள்.

அவருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. ஆனால் நிலையத்தில் அவரை எல்லாரும் கூப்பிடுவது வண்டம்மா என்றுதான். வயது ஐம்பத்தெட்டு. பதவி, 'தற்காலிகப் பூச்சிக் காப்பாளர்'. இருபத்தாறு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும்படி அவர் கொடுத்த மனு பதினோரு வருடமாக 'பரிசீலனை'யில் இருந்தது. இத்தனை ஆழமாகப் பரிசீலிக்கப்பட்ட மனு வேறெந்த அலுவலகத்திலும் இருக்க முடியாது.

அவருடைய அறையில் வருடம் முழுக்க முப்பது டிகிரி. மின்சாரம் போனால் அந்த அறைக்கென்று தனியாக ஓர் இயந்திரம் ஓடும். ஊழியர்கள் உட்காரும் அறையில் ஒரு மின்விசிறி உண்டு. அது மனசு வைத்தால் சுற்றும். அதனால் வெயில் காலத்தில் கண்காணிப்பாளரே சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டுகளோடு சாப்பிட வந்துவிடுவார். சுவரோரம் வரிசையாக ஜாடிகள். நேற்றுப் பிறந்தது, பத்து நாள், ஒரு மாதம், நான்கு மாதம், ஒன்பது மாதம் என்று ஒவ்வொன்றிலும் வண்டம்மாவின் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும்.

சோதனை எளிமையானது. ஒரு சின்னத் தூரிகையால் வண்டை ஏந்தி விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் விடுவார். குழாயை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, தொட்டியின் சூட்டை மெல்ல மெல்ல ஏற்றுவார். வண்டு மல்லாந்து, திரும்ப எழ முடியாமல் காலை உதைக்கும் நேரம்தான் அதன் 'மயக்க நேரம்'. இருபத்தாறு வருடம் இதையே பார்த்தவருக்கு வண்டின் வாழ்க்கை முழுக்கத் தெரிந்திருந்தது. கூட்டிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு நாள், தோல் இறுகாமல் வெளிறிக் கிடக்கும், எதையும் தாங்காது. பத்து நாள் ஆனால் திமிர் வந்துவிடும். நாற்பத்திரண்டு டிகிரியில் குழாய்க்குள் மேலும் கீழும் உலாத்தும். நான்கு மாதத்தில் நடை தளரும். ஒன்பது மாதத்து வண்டு, சூடு நாற்பதைத் தாண்டும்போதே கால் பின்னி விழுந்துவிடும்.

குளிரிலும் அதே கதைதான். ஐஸ் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால், பத்து நாள் வண்டு ஐந்தே நிமிடத்தில் எழுந்து ஒன்றும் நடக்காத மாதிரி நடந்துபோகும். கிழட்டு வண்டு ஒரு காலை நீட்டும், யோசிக்கும், மறுபடி மடக்கிக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குள் எழாதவற்றை இறந்தவையாகக் கருத வேண்டும் என்று படிவத்தின் அடியில் ஒரு விதி அச்சிட்டிருந்தது. வண்டம்மா அந்த விதியை ஒரு நாளும் மதித்ததில்லை. முக்கால் மணி நேரமானாலும் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், அதற்கு நேரம் ஆகும், அவ்வளவுதானே என்பார்.

அவர் குடியிருந்தது தம்பியின் ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில். இந்த விந்தையை அந்தத் தெருவே அறியும். பகலெல்லாம் அக்கா மாவில் வண்டு வளர்ப்பார். விடிகாலையில் தம்பி மாவிலிருந்து வண்டைச் சலித்து எறிவார். வேலை முடிந்து வரும் அக்கா, மாடிப்படி ஏறும் முன் தெருவிலேயே நின்று உடுப்பை நன்றாக உதறிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது தம்பியின் கட்டளை. அவர் உதறிவிட்டாரா என்று தம்பி கடைக்குள்ளிருந்தே எட்டிப் பார்ப்பார். இருபது வருடமாக இது ஒழுங்காக நடந்துவந்தது.

இப்படியிருக்கையில்தான் நிலையத்தில் 'பசுமை வெப்பம்' உதயமாயிற்று.

நகரத்தின் ரொட்டிக் கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் மாவு போவது ஒரே ஒரு பெரிய கிடங்கிலிருந்து. அதை நடத்துவது மாவு வாரியம். அதுவரை அங்கே வண்டு ஒழிக்க விஷப்புகை போட்டு வந்தார்கள். மாவுக்கு நடுவில் விஷம் எதற்கு என்று யாரோ ஒருவர் கேட்டுவிட்டதால், புகைக்குத் தடை வந்தது. உடனே இயக்குநர், வெறும் சூட்டாலேயே வண்டை ஒழிக்கலாம் என்று வாரியத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எத்தனை டிகிரி என்று வாரியம் கேட்டது. கிடங்கில் ஏற்கெனவே இருந்த சூடேற்றிகளால் நாற்பத்திரண்டுக்கு மேல் போக முடியாது. ஆகவே வண்டுகள் நாற்பத்திரண்டில் செத்துப்போகும் என்று அறிவியல் முடிவு செய்தது. அரை மணி நேரம் போதும். ஏனென்றால் அதற்கு மேல் ஓடினால் சூடேற்றியிலிருந்து ஒரு வாசனை வரும்.

வாரியத் தலைவர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு இயக்குநர் ஓர் ஒத்திகை வைத்தார். கண்ணாடிப் பெட்டியில் இருநூறு வண்டுகள். பத்து நாள் ஜாடியிலிருந்து எடுத்தவை. சூடு நாற்பத்திரண்டைத் தொட்டது. அரை மணி நேரம் போயிற்று. வண்டுகள் பெட்டியைச் சுற்றி வந்தன. சில ஜோடிகள் கல்யாணமே முடித்துக்கொண்டன.

இயக்குநர் வண்டம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அறுபத்தோரு வயதுக்காரர். இரண்டு முறை பணி நீட்டிப்பு வாங்கியவர். மூன்றாவதற்குப் பசுமை வெப்பத்தைத்தான் நம்பியிருந்தார்.

"இதுங்க ஏன் சாக மாட்டேங்குது?" என்று கேட்டார்.

"பத்து நாள் வண்டுங்க, ஐயா. நல்ல வயசு. அம்பது டிகிரிக்கு மேல ஒரு நாள் பூரா வெச்சாத்தான் போகும்."

"எதுதான் சாகும்?"

"வயசானதுன்னா சீக்கிரம் விழுந்துடும். ஒன்பது மாசத்து ஜாடி ஒண்ணு இருக்கு."

பெரிய கண்டுபிடிப்புகள் நிகழும் நொடியில் விஞ்ஞானியின் முகத்தில் ஓர் ஒளி தோன்றும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது தோன்றியது. "வயசானதுன்னு சொல்லாதீங்கம்மா. முதிர்ந்த வண்டுன்னு சொல்லுங்க," என்றார் இயக்குநர்.

வண்டம்மாவுக்கு விஷயம் புரிந்தது. கிடங்கில் எல்லா வயது வண்டும் இருக்குமே, கிழடு மட்டும் செத்து என்ன பிரயோசனம் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். எதையும் பாசிட்டிவாக யோசிக்க வேண்டும் என்று இயக்குநர் அறிவுரை சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். அது வண்டம்மாவின் மனு. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அது மேஜை மேல் வந்திருந்தது. இயக்குநர் அதைப் பிரித்தார், இரண்டு தாள் புரட்டினார், மூடி, காகித எடைக்கல்லை அதன் மேல் வைத்தார்.

"நிகழ்ச்சி நல்லபடியா நடக்கட்டும். அப்புறம் இதைப் பாக்கலாம்," என்றார்.

அதில் மிரட்டல் எதுவும் இல்லை. அன்று அந்த அறையில் நடந்தது நிர்வாகம்.

நிகழ்ச்சி நல்லபடியாக நடந்தது. கூடத்தில் விருந்தினர்களுக்காகக் குளிர்சாதனம் இருபத்திரண்டில் வைக்கப்பட்டிருந்தது. முன்வரிசையில் வாரியத் தலைவர்; எழுபத்திரண்டு வயது. அவருக்கு இரு பக்கமும் வாரிய உறுப்பினர் இரண்டு பேர். மேடையில் கண்ணாடிப் பெட்டி, அதன் மேல் விளக்கு, பக்கத்தில் சிவப்பு எண்கள் ஓடும் வெப்பமானி. பெட்டிக்குள் ஒன்பது மாதத்து வண்டுகள் இருநூறு. அவற்றைத் தூரிகையால் ஒவ்வொன்றாக ஏந்தி உள்ளே விட்டது வண்டம்மாதான். ஒன்பது மாதம் வாரத்துக்கு இரண்டு முறை மாவு மாற்றி வளர்த்த கை.

முப்பத்தொன்பதில் முதல் வண்டு விழுந்தது. நாற்பத்தொன்றில் பாதி விழுந்தன. நாற்பத்திரண்டைத் தொட்டு எட்டு நிமிடத்தில், நிற்க ஒரு வண்டும் இல்லை. கூடம் கைதட்டியது. வண்டம்மா சுவரோரம் நின்று, ஒரு மூலையில் கடைசியாகக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரியத் தலைவர் லேசுப்பட்டவர் அல்ல. இவை எந்த வயது வண்டு என்று சரியாகக் கேட்டுவிட்டார். முதிர்ந்த வண்டு என்றார் இயக்குநர். தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே யோசித்து, எழுந்து நின்று, சபைக்கே விளக்கினார். முதிர்ந்தது என்றால் எத்தனையோ வெயிலும் குளிரும் பார்த்த வண்டு, உரமேறிய வண்டு. அதுவே எட்டு நிமிடத்தில் போய்விட்டது என்றால், நேற்றுப் பிறந்த இளசெல்லாம் எந்த மூலைக்கு? சபை மறுபடியும் கைதட்டியது. தலைவருக்குத் தன் தர்க்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த உற்சாகத்தில், தூரிகையும் கையுமாகச் சுவரோரம் நின்ற அம்மாளைப் பார்த்தார்.

"வண்டு வளக்குறவங்க நீங்கதானே? நான் சொன்னது சரியா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. இயக்குநரும் பார்த்தார். அவர் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. வண்டம்மாவின் கண்ணுக்கு முன்னால் காகித எடைக்கல் வந்து போயிற்று. வாயைத் திறக்கத்தான் நினைத்தார். திறக்கவில்லை. தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

அடுத்த வாரம் கிடங்கின் கதவு ஜன்னல்களை அடைத்து அரை மணி நேரம் சூடேற்றினார்கள். நாற்பத்திரண்டு என்ற எண் புகழடைந்தது. இயக்குநரின் படம், பின்னணியில் மாவு மூட்டைகளோடு வெளிவந்தது. அவரைச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள் நாற்பத்திரண்டு மாலைகள் போட்டார்கள். பணி நீட்டிப்பும் வந்தது. வண்டம்மாவின் கோப்பு மட்டும் இழுப்பறைக்குத் திரும்பிப் போயிற்று. மேஜையில் வாழ்த்துக் கடிதங்களுக்கு இடம் வேண்டியிருந்தது.

கிடங்குக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிழட்டு வண்டுகள் செத்தன. இளசுகளில் நோஞ்சானவையும் செத்தன. திடமானவை மட்டும் மிஞ்சின. கூட்டமும் குறைந்து, போட்டியும் ஒழிந்து, மலை மலையாக மாவு முன்னால் கிடக்க, முட்டையிடும் வயதில் அவை மட்டும் நின்றன. மாவுவண்டு இனத்தின் மேம்பாட்டுக்கு இப்படி ஒரு திட்டத்தை அதற்கு முன் எந்த நிறுவனமும் தீட்டியதில்லை.

ஆறாவது வாரம், தம்பியின் கடையில் ரொட்டி வாங்கிய ஒருவர் வீட்டுக்குப் போய் அதைப் பிய்த்தார். உள்ளே மூன்று வண்டு இருந்தது. அவர் ரொட்டியோடு நேரே சுகாதார ஆய்வாளரிடம் போனார். ஆய்வாளர் கடைக்கு வந்து மாவுத் தொட்டியைக் கிளறினார். பக்கத்துக் கடைக்காரர் சும்மா இராமல், இவருடைய அக்கா மாடியில்தான் இருக்கிறார், அவருக்கு வேலையே வண்டு வளர்ப்பது என்று தகவல் சொன்னார். ஆய்வாளர் மேலே மாடியைப் பார்த்தார், கீழே தொட்டியைப் பார்த்தார். ஆய்வு முடிந்துவிட்டது. பதினைந்து நாள் கடையை மூடும்படி உத்தரவு எழுதி, காரணம் என்ற இடத்தில் 'உறவினர்' என்று போட்டார்.

அன்று சாயங்காலம் வண்டம்மா தெருவில் நின்று உடுப்பை உதறிக்கொண்டிருந்தபோது, கடைக் கதவு பாதி இறக்கியிருப்பதைப் பார்த்தார். உள்ளே தம்பி அணைந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்து, அக்காவைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒரு நாளாவது உதறாம வந்திருப்பியாக்கா?"

வண்டம்மா கடைக்குள் சுற்றிலும் பார்த்தார். மூலையில், கிடங்கு முத்திரை பிரிக்காத மூட்டை இரண்டு இருந்தது. ஒன்றை இழுத்து நடுவில் போட்டு, கத்தியால் தையலை அறுக்கச் சொன்னார். மாவு மேலே லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஒரு பிடி அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டினார். பதினேழு வண்டு.

"பாத்துக்கோ. இது என் பிள்ளைங்க இல்ல. அங்கேருந்தே வந்திருக்கு," என்றார்.

தம்பிக்கு நிம்மதியாயிற்று. அந்த நிம்மதியை அக்கா நீடிக்கவிடவில்லை. அங்கேயே மாவுத் தரையில் உட்கார்ந்து, ஒத்திகை, ஒன்பது மாதத்து ஜாடி, தலைவர் கேட்ட கேள்வி என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "நான் தலையாட்டினேன்டா. தெரிஞ்சே ஆட்டினேன்," என்று முடித்தார். தம்பி எழுந்து, தேநீர் போட்டு, அக்காவுக்கு ஒரு கோப்பை கொடுத்தார். கோபம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அடுத்த பத்து நாள் அவர் அக்காவிடம் வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை வண்டம்மா அந்த மூட்டை வண்டுகள் இருபதை ஒரு சிமிழில் கொண்டுபோய், வெந்நீர்த் தொட்டியில் வைத்தார். நாற்பத்திரண்டில் உலாத்தின. நாற்பத்து நான்கிலும் உலாத்தின. அவர் ஜாடியில் வளர்ந்த அதே வயது வண்டுகளெல்லாம் விழுந்த பிறகும் இவை நின்றன. இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படிப்பட்ட வண்டைப் பார்த்ததில்லை. தன் நோட்டில் அதை எழுதினார். தேதி போட்டார். அடியில் முதல் தடவையாகத் தன் பெயரையும் எழுதினார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். அந்தப் பக்கத்தையும், எந்த வயது வண்டு எத்தனை டிகிரியில் விழும் என்ற பட்டியலையும் படியெடுத்து, நேரே சுகாதார ஆய்வாளரிடம் கொடுத்தார். உறவினர்தான் காரணம், அந்த உறவினர் நான்தான், ஆனால் காரணம் உடுப்பில் இல்லை, தலையில் இருக்கிறது என்று சொன்னார். ஆய்வாளருக்கு முழுக்கப் புரியவில்லை. ஆனாலும் தாளை மேலே அனுப்பினார். அதற்குள் இரண்டு பள்ளிகளிலும் ஒரு மருத்துவமனையிலும் ரொட்டியில் வண்டு வந்துவிட்டதால், மேலே இருந்தவர்கள் தாளைப் படிக்க வேண்டியதாயிற்று. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பாரபட்சமற்ற குழு. தலைவர், வாரியத் தலைவர். உறுப்பினர்கள், வாரிய உறுப்பினர்கள் இருவர். திட்டத்தைத் தொடக்கத்திலிருந்து பாராட்டியவர்களைவிட அதைப் பற்றி யாருக்கு நன்றாகத் தெரியும்?

விசாரணைக்கு முந்தின நாள் இயக்குநர் வண்டம்மாவைக் கூப்பிட்டார். கோப்பு மறுபடியும் மேஜை மேல் இருந்தது. இந்த முறை அதற்குப் பக்கத்தில் பேனாவும் இருந்தது. கண் பார்வை கொஞ்சம் மங்கல், ஜாடி மாறிப்போய்விட்டது என்று ஒரே வரி சொன்னால் போதும் என்றார். வயசானவர்களுக்கு எல்லாருக்கும் நடப்பதுதான் என்று ஆறுதலும் சொன்னார். வண்டம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைத் தம்பியிடம் சொன்னார். பத்து நாளுக்குப் பிறகு தம்பி வாயைத் திறந்தார்.

"கண்ணு மங்கல்னு சொல்லப் போறியா?"

"இல்ல."

"வேலை போயிடும்."

"போகும்."

"சரி, கடை திறந்ததும் மாவு சலிக்க வா. எது எந்த வயசுன்னு பாத்து எறிய எனக்கும் ஓர் ஆள் வேணும்."

இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். ஆனாலும் வண்டம்மா அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

விசாரணை அதே கூடத்தில், அதே இருபத்திரண்டு டிகிரியில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் குழுவின் மூவர். ஓரத்தில் இயக்குநர். இந்தப் பக்கம் சுருக்கெழுத்து எடுக்க ஓர் இளம் பெண். வண்டம்மா ஒரு துணிப்பையில் நோட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். ஒரு மணி நேரம் பேசினார். எந்த வயதில் எந்தச் சூடு, எந்தக் குளிர், எது எப்போது விழும், எது எப்போது எழும் என்று எல்லாம் சொன்னார். மேடையில் இருந்த இருநூறும் ஒன்பது மாதத்துக் கிழங்கள் என்றார். ஜாடி மாறவில்லை, எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, நான் பயந்துபோய்த் தலையாட்டினேன் என்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் அதே வரியைச் சொன்னார்.

குழு மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டது. உறுப்பினர்களில் ஒருவர் இரண்டு இடங்களில் விழித்தும் இருந்தார். பிறகு தலைவர் தீர்ப்பறிக்கையை வாசித்தார். நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு அது முந்தின நாளே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

பசுமை வெப்பத் திட்டம் முழு வெற்றி. கிடங்கிலிருந்த முதிர்ந்த வண்டுகள் அனைத்தும் திட்டமிட்டபடி இறந்தன. உயிர் பிழைத்தவை திட்டத்தின் வரம்புக்குள் வராத வயதினர். ஆயினும் பொதுநலன் கருதி இனிமேல் புதிய சூடேற்றிகள் வாங்கி, கிடங்கு ஐம்பது டிகிரிக்கு மேல் ஒரு முழு நாள் சூடேற்றப்படும். இது இயக்குநரின் தொடர் ஆராய்ச்சியின் பயன். காப்பாளரின் நோட்டுகள் இயக்குநரின் பெயரில் நூலாக வெளிவரும். இவ்வளவும் தட்டச்சில் இருந்தது. கடைசி வாக்கியத்தைத் தலைவர் அப்போதுதான் பேனாவால் சேர்த்தார். வயதானால் சூடு தாங்காது என்று காப்பாளரே ஐயமற நிரூபித்திருப்பதால், ஐம்பத்தெட்டு வயதில் அவரை வெந்நீர்த் தொட்டி அருகே நிறுத்துவது மனிதாபிமானம் ஆகாது. ஆகவே இம்மாத இறுதியோடு அவர் அன்போடு விடுவிக்கப்படுகிறார்.

ஐம்பது டிகிரி என்ற இடத்தில் வண்டம்மா நிமிர்ந்து பார்த்தார். அது நடந்தால் தம்பியின் மாவில் வண்டு இருக்காது. பள்ளிக்கூடத்து ரொட்டியிலும் இருக்காது. அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் அவருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. நோட்டுகள் போவதுதான் வலித்தது. பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கைக்குப் பின்னிணைப்பு ஒன்று வேண்டும், அதற்காக ஒரே ஒரு கேள்வி பாக்கி என்றார்.

"வயசாக ஆக, சூடு தாங்குற சக்தி குறைஞ்சுக்கிட்டே வரும்னு சொன்னீங்க. இதுக்கு விதிவிலக்கா ஏதாவது இனம் உண்டா?"



"ஒண்ணு இருக்குங்க, ஐயா. அதுக்கு மட்டும் வயசாக ஆக, எவ்வளவு சூடு வெச்சாலும் உறைக்கிறதே இல்ல."

மூவரும் முன்னால் சாய்ந்தார்கள். இயக்குநர் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். இன்னொரு நூலுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. "அதோட பேரைச் சொல்லுங்கம்மா, பதிவு பண்ணிடலாம்," என்றார் தலைவர்.

வண்டம்மா சுருக்கெழுத்துப் பெண்ணின் பக்கம் திரும்பி, அவள் எழுதுவதற்குத் தோதாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தலைவர் ஐயா, உறுப்பினர் ஐயாங்க ரெண்டு பேர், டைரக்டர் ஐயா. நாலு பேரையும் வரிசையா எழுதிக்கம்மா. அன்னிக்குத் தலையாட்டினதுக்காக, கடைசியில என் பேரையும் போட்டுடு."